முதல் வரியில் பிள்ளையார் சுழி

அளவுக்கு மிஞ்சி மரியாதையாகப் பேசுகிற ஆண்களைக் கண்டால் எனக்கு உடனே எரிச்சல் வரும். செல்வராசா அப்படித்தான் வந்தான். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தான். மினுக்கிய சேட், நெற்றியில் சந்தனம். கூடத்தில் காத்திருந்த சனங்களுக்கெல்லாம் தலையசைத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தங்கச்சி, ஒரு உதவி செய்யவேணும். என்ர மனுசியையும் மகளையும் தேடி வந்தனான். உங்கட இன்ரநெற்றில அவையின்ர படம் கிடக்காம்."

"அவையின்ர பேர்?"

"மனுசி சிவலட்சுமி. மகள் நிசாந்தினி. வட்டக்கச்சியில இருந்தனாங்கள். என்ர பேர் செல்வராசா."

என் கையில் இருந்த பேனை அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று நினைத்தேன். காட்டினேனா இல்லையா என்பது அவனுக்குத்தான் தெரியும்.

அது 2001ஆம் ஆண்டு. வவுனியாவில் கண்டி வீதியோரம் இருந்த எங்கள் அலுவலகத்தின் வேலையே இதுதான். வன்னிக்குள்ளிருந்து இடம்பெயர்ந்து வந்து நலன்புரி நிலையங்களில் இருக்கும் குடும்பங்களைப் படம் பிடித்து, இணையப் பக்கத்தில் போடுவோம். பெயர், ஊர், எந்த முகாம், எத்தனையாம் கொட்டில் எல்லாம் அதில் இருக்கும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற அண்ணனோ மாமனோ அதைப் பார்த்துவிட்டு எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். அந்த நாட்களில் எல்லாருக்கும் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தங்கள் ஆட்கள் தங்களைக் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடிக்கப்படக்கூடாது என்று ஒருத்தி வருவாள் என, அந்தப் பக்கத்தை அமைத்தபோது நாங்கள் ஒருவருமே யோசிக்கவில்லை.

சிவலட்சுமி அப்படி வந்தவள். படம் எடுக்கும்போது முகத்தின் இடப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, "இந்தப் பக்கமா எடுங்க தங்கச்சி" என்றாள். இடக்காது அவளுக்குக் கேட்காது. முதல் தடவை ஓடி, பிடிபட்டபோது செல்வராசா அடித்த அடி அது. இரண்டாம் தடவை பிடித்தபோது அவன் அவளை அடிக்கவில்லை. பிள்ளையை ஒற்றைக் காலில் தூக்கிக் கிணற்றுக்கு மேல் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், "வாறியா, விடட்டா?" என்று கேட்டிருக்கிறான். மூன்றாம் தடவை அவள் பிள்ளையோடு சோதனைச்சாவடி தாண்டி இங்கால் வந்துவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே உறவு கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் வீரையா. அவனுடைய முகவரி அவளிடம் இல்லை. இணையத்தில் போட்டால் அவன் காண்பான் என்றுதான் படம் எடுக்கச் சம்மதித்தாள். "அவரு அங்கால இருக்காரு. இதெல்லாம் எங்க பாக்கப் போறாரு" என்றாள். நாங்களும் நம்பினோம்.

இப்போது அவர் இங்கால் வந்து என் மேசைக்கு முன்னால் நிற்கிறார். குனிந்து கதிரையை இழுத்தபோது சேட்டுக்குக் கீழே இடுப்பில் ஏதோ தடித்துத் தெரிந்தது. ஆயுதம் வைத்திருக்கிற ஆட்களோடு சேர்ந்துவிட்டான் என்று அதைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். வவுனியாவில் அப்போது சின்னப்பிள்ளைக்கும் அது விளங்கும்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டித் துண்டை எடுத்து நீட்டினான். எங்கள் இணைய முகவரி, கடைசியில் சிவலட்சுமி குடும்பத்தின் இலக்கம் வரைக்கும் பிழையில்லாமல் எழுதியிருந்தது.

"கொழும்பில என்ர சினேகிதன் ஒருத்தன் பாத்தவன். படம் வந்ததாம், பேர் இங்கிலீசில வந்ததாம். தமிழ் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாக் கிடந்ததாம். இங்க ரவுனில ஒரு கடையில போட்டுப் பாத்தன், அங்கையும் பூச்சிதான். உங்களிட்ட வந்தா வாசிக்கலாம் எண்டு சொன்னவை."

அந்தப் பூச்சிகளுக்கு நன்றி சொன்னேன். அந்தக் காலத்தில் பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் எங்கள் பக்கம் வாசிக்க வராது. ஆனால் ரவுனில் அந்த எழுத்துரு வைத்திருந்த இடங்கள் இன்னும் சில இருந்தன. இவனை இங்கேயிருந்து துரத்தினால் பின்னேரத்துக்குள் அங்கே போய் வாசித்துவிடுவான். முகாம், கொட்டில் இலக்கம் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

"இப்ப லைன் இல்லை அண்ணை. கிடைச்சாக் கூப்பிடுறன்" என்றேன். அந்த நேரம் அது உண்மையாகவும் இருந்தது.

"ஆறுதலா எடுங்கோ. நான் இருக்கிறன்." உள்ளறை வாசலைப் பார்த்தபடி கதிரையைப் போட்டு உட்கார்ந்தான்.

நான் உள்ளறைக்குப் போய் வாசல் திரையை இழுத்து மூடினேன். அங்கேதான் இணையம் உள்ள ஒரே கணினியும் கமலாசனி அக்காவும் இருந்தார்கள். அக்காதான் எங்கள் பொறுப்பாளர். ஐம்பதைத் தாண்டியவர். அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. பொய் சொல்லக்கூடாது என்பது ஒன்று. இந்த அலுவலகத்திலிருந்து வெளியே போகும் எந்தப் பக்கமும் பிள்ளையார் சுழியோடுதான் தொடங்கவேண்டும் என்பது மற்றது. கடிதத்துக்கு மட்டுமல்ல, இணையப் பக்கத்துக்கும் அதே சட்டம். கோப்பின் முதல் வரியில் முதலில் ஒரு 'உ' போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும். கொழும்பிலிருந்து எங்கள் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பெடியள் சிரித்தார்கள். நானும் அக்காவுக்குத் தெரியாமல் சிரித்திருக்கிறேன். ஆனால் போட்டுப் போட்டு, இப்போது என் விரல்கள் தாமாகவே அதைப் போடப் பழகிவிட்டன.

"அக்கா, சிவலட்சுமியின்ர மனுசன் வந்திருக்கிறான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தனியவோ?"

"தனியத்தான். இடுப்பில சாமான் வச்சிருக்கிறான். பக்கத்தின்ர அட்ரஸும் கையில இருக்கு."

"அப்ப உடன அந்தப் பக்கத்தை அழியன்."

"அழிச்சா 'பக்கம் இல்லை' எண்டு வரும். அவன்ர சினேகிதன் ஏற்கனவே படத்தைப் பாத்திட்டான். இண்டைக்கு இல்லையெண்டா நாங்கள்தான் ஒளிச்சனாங்கள் எண்டு அவனுக்கு விளங்கிடும். பிறகு எங்களைப் பிடிப்பான், இல்லாட்டி முகாம் முகாமாத் தேடுவான். வீரையாவுக்கும் தங்கச்சியிட்ட வர வேற வழியில்லாமப் போயிடும்."

"கொட்டில் இலக்கத்தை மட்டும் எடுத்துவிடேலாதோ?"

"குடும்ப விபரமெல்லாம் கொழும்பிலதான் மாத்தலாம். இண்டைக்குப் போயா லீவு. அங்க ஒரு காக்கா குருவியும் இருக்காது." நான் கணினியைத் தட்டி எழுப்பினேன். "எங்கட கையில இருக்கிறது குடும்பங்களைக் காட்டுற அந்த ஒரு கோப்பு மட்டும்தான். அதுக்குள்ள ஒரு கட்டளை எழுதலாம். இந்த இலக்கத்தைக் கேட்டு ஆர் வந்தாலும் சேர்வரே ஆளை வேற பக்கத்துக்கு அனுப்பிவிடும். வந்தவனுக்குப் பழைய பக்கம் கண்ணிலயும் படாது."

"எந்தப் பக்கத்துக்கு அனுப்புவாய்?"

"இடம்மாறின ஆக்களுக்கு ஒரு பக்கம் வச்சிருக்கிறமெல்லே? அதுக்கு."

முகாமை விட்டுப்போன குடும்பங்களைத் தேடி வருபவர்களுக்காக நாங்கள் வைத்திருந்த பக்கம் அது. 'இக்குடும்பம் நலன்புரி நிலையத்திலிருந்து வெளியேறிவிட்டது. மேலதிக விபரங்களுக்கு எங்களுடன் தொடர்புகொள்ளவும்' என்று எழுதி, கீழே எங்கள் தொலைபேசி இலக்கம் இருக்கும். நூற்றுக்கணக்கானவர்கள் தினமும் காணும் பக்கம். ஒருவருக்கும் சந்தேகம் வராது.

அக்கா என்னைப் பார்த்தார். "அது பொய்யெல்லோ பிள்ளை. அவள் வெளிக்கிடேல்லையே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அக்கா, அவன் அங்க குந்திக்கொண்டு இருக்கிறான்! இப்ப இதுவெல்லாம் பாக்கிற நேரமே?"

"சத்தம் போடாதை." அவர் எழுந்து பின்கதவைத் திறந்தார். "பொய்யெண்டா அதை உண்மையாக்கிப்போட்டு எழுதுவம். கணபதி! இங்க வாரும்."

கணபதி அண்ணை எங்கள் வான் சாரதி. அக்கா ஒரு துண்டில் முகாம் பொறுப்பாளருக்கு நாலு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். "சிவலட்சுமியையும் பிள்ளையையும் சாமான் சட்டியோட ஏத்தும். என்ர வீட்டில கொண்டுபோய் விடும். கெதியாப் போம்." கணபதி அண்ணை ஏன் எதற்கு என்று கேட்கிற ஆளில்லை. பின்வழியால் வான் போகிற சத்தம் கேட்டது. அக்கா திரும்பி வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார். "இப்ப எழுது" என்றார்.

எழுதுவது பெரிய வேலையில்லை. 'கேட்கப்பட்ட குடும்பம் இதுவென்றால், வந்தவரை அந்தப் பக்கத்துக்கு அனுப்பு' என்று சேர்வருக்குச் சொல்லும் இரண்டு வரிதான். புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, கையால் செய்து பார்த்தது அன்றுதான். எழுதி முடித்துவிட்டு மொடத்தை இயக்கினேன். அது கொழும்பை அழைத்துக் கீச்சிட்டுக் கத்தியது. கோப்பு பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தது. திரும்பவும் அழைத்தேன். திரும்பவும் கீச்சு.

வாசல் திரைக்கு அந்தப் பக்கம் செருமல் கேட்டது. "தங்கச்சி, லைன் கிடைச்ச சத்தம் கேட்டுது போல."

திரைக்குக் கீழே அவனுடைய வெறுங்கால்கள் தெரிந்தன.

"கிடைச்சது அண்ணை. அலுவல் ஒண்டு ஏத்துறன். முடியக் கூப்பிடுறன்."

"சரி சரி. ஆறுதலா." கால்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு போயின.

கோப்பு முழுவதும் ஏறியது. சோதித்துப் பார்க்கச் சிவலட்சுமியின் இலக்கத்தைத் தட்டினேன். திரையில் முதலில் ஒரு 'உ' வந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை. அதற்கும் கீழே சிவலட்சுமி ஒரு பக்கமாகத் திரும்பி நின்றாள், அவள் சேலையைப் பிடித்தபடி பிள்ளை. முகாமின் பெயர், பகுதி, கொட்டில் இலக்கம் எல்லாம் பளிச்சென்று, வாசிக்கக்கூடிய அழகான தமிழில். சேர்வர் ஒருவரையும் எங்கேயும் அனுப்பவில்லை.

நான் பக்கத்தைப் பட்டென்று மூடினேன். "வேலை செய்யேல்லை."

"ஏன்?"

"தெரியேல்லை அக்கா! என்னைக் கேட்டா?" என் இரண்டு வரியையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு புள்ளி பிழையில்லை. ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. எச்சரிக்கையைத் திரும்ப எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். தகவல் ஏற்கெனவே வெளியே போகத் தொடங்கிவிட்டது, இனிமேல் திருப்பி அனுப்ப முடியாது என்றது அது. எங்கிருந்து போகத் தொடங்கியது என்றும் சொல்லியிருந்தது. முதலாம் வரி.

என் கட்டளை மூன்றாம் வரியில் இருந்தது. முதலாம் வரியில் இருந்தது பிள்ளையார் சுழி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சேர்வர் ஒரு ஆளை வேறு இடத்துக்கு அனுப்புவதென்றால் வாசலிலேயே அனுப்பிவிடவேண்டும். பந்தியில் இருத்திச் சோறு போட்ட பிறகு, எழும்பி அடுத்த வீட்டுக்குப் போ என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு எழுத்து வெளியே போய்விட்டாலும் அவ்வளவுதான், பந்தி தொடங்கிவிட்டது. நாங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு 'உ' பரிமாறி வைத்திருக்கிறோம்.

"அக்கா, மறிச்சுக்கொண்டு நிக்கிறது பிள்ளையார்தான்."

"என்னடி விசர்க்கதை கதைக்கிறாய்?"

நான் சொன்னேன். சுழி முதலில் போவதால் கட்டளை செல்லாமல் போகிறது. அதை எடுத்துக் கட்டளைக்குக் கீழே வைத்தால் சரிவரும் என்றேன். சொல்லும்போது எனக்கே பயமாக இருந்தது. ஒருமுறை கொழும்புப் பெடியன் ஒருவன் அழகில்லை என்று அந்தச் சுழியை எடுத்துவிட்டான். அக்கா அவனைத் தொலைபேசியில் அழ வைத்தார். திரும்பப் போட்ட பிறகுதான் விட்டார்.

அவர் திரையில் இருந்த அந்தச் சுழியைப் பார்த்தார். கூடத்தில் யாரோ இருமினார்கள். செல்வராசா யாரிடமோ மரியாதையாக நேரம் கேட்டான்.

"கீழ இறக்கு" என்றார்.

"அவர் பின்னுக்குப் போயிடுவார் அக்கா."

"போகட்டும். கிணத்துக்கு மேல தொங்கின பிள்ளை அது. அவருக்குத் தெரியாததே? இறக்கடி."

வெட்டிக் கீழே ஒட்டினேன். கோப்பை மறுபடி ஏற்றத் தொடங்கினேன். அது பாதி தாண்டும்போது வாசல் திரை விலகியது. செல்வராசா உள்ளே வந்தான். யாரும் இருக்கச் சொல்லவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்து எனக்கருகில் உட்கார்ந்தான். சந்தன வாசம் வந்தது.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. இனிப் பொறுக்கேலாமல் இருக்கு."

ஏற்றிக்கொண்டிருந்த சாளரத்தை ஒரு தட்டில் ஒளித்தேன். முழுவதும் ஏறியதா இல்லையா என்று இனி எனக்குத் தெரிய வழியில்லை. அவன் சிகரெட் பெட்டித் துண்டை விசைப்பலகையில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். வேண்டுமென்றே ஒன்றைப் பிழையாகத் தட்டினேன். "அது இல்லைத் தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டே திருத்தினான். கடைசியில் தட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அனுப்பினேன். திரை வெள்ளையாகிக் காத்திருந்தது.

அந்த நேரம் வெளியே வான் ஹோர்ன் அடித்தது. கணபதி அண்ணை எப்போதும் அடிப்பது போலக் சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று.

நான் யன்னலைப் பார்த்தேன். அவன் முதுகு யன்னலுக்கு இருந்தது. எங்கள் வான் வாசல் படலையடியில் நின்றது. உள்ளே சேலைத் தலைப்பு ஒன்றும், அதன்மேல் ஒரு சின்னத் தலையும் தெரிந்தன. முகாமை விட்டுப் போகிற எந்தக் குடும்பத்தையும் முதலில் அலுவலகத்துக்குக் கூட்டிவருவது வழக்கம். அக்கா சுவாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தித் திருநீறு பூசித்தான் அனுப்புவார். வீட்டில் விடச் சொன்னாரே தவிர, இன்றைக்குத் திருநீறு வேண்டாம் என்று சொல்ல அந்த அவசரத்தில் யாருக்கு நினைவு வந்தது? கணபதி அண்ணை வழமையை விடாத மனிதர்.

அக்காவும் கண்டுவிட்டார். அவர் ஓடவில்லை. கூடத்தைத் தாண்டி, எப்போதும் போல, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். வானின் பக்கக்கதவு உருளும் சத்தம் கேட்டது. ஒரு சின்னக் கால் படியை நோக்கி நீண்டதை யன்னலால் கண்டேன். நீலச் செருப்பு.

"கணபதி! இங்க ஒண்டும் இறக்க வேண்டாம்! அப்படியே திருப்பும்!"

அக்கா அவ்வளவு உரத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. செல்வராசாவின் கழுத்து அசைந்தது. அவன் திரும்பப் போகிறான்.

"அண்ணை, வந்திட்டுது!" என்று கத்திவிட்டேன். அவன் திரைக்குத் திரும்பினான். ஆனால் வந்திருப்பது எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கதவு திரும்ப உருண்டது. வான் உறுமிக்கொண்டு பின்னுக்குப் போனது.

பிறகுதான் திரையைப் பார்த்தேன். மேலே நடுவில் ஒரு 'உ'. அதைக் கண்டதும் செத்தேன் என்று நினைத்தேன். அதன் கீழே மெதுமெதுவாக எழுத்துகள் வந்தன. 'இக்குடும்பம் நலன்புரி நிலையத்திலிருந்து வெளியேறிவிட்டது.' அந்தச் சுழி இடம்மாறினவர்களின் பக்கத்தில் இருந்த சுழி. சேர்வர் அவனை அனுப்பிவிட்டிருந்தது.

அவன் உதடு அசைய வாசித்தான். இரண்டாம் தடவையும் வாசித்தான். "வெளிக்கிட்டிட்டினமாம்." அவன் குரல் உயரவில்லை. "எப்ப போனவை?"

கமலாசனி அக்கா மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். "இண்டைக்கு" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

"எங்க போனவை?"

"எனக்குத் தெரியும். உமக்குச் சொல்ல மாட்டன்."

"அக்கா, நான் மரியாதையாக் கேக்கிறன்."

"நானும் மரியாதையாத்தான் சொல்லுறன் தம்பி."

அவன் எழுந்தான். கை இடுப்புப் பக்கம் போனது. அக்கா அசையவில்லை. அவருக்குப் பின்னால், இவ்வளவு நேரமும் முறைக்காகக் காத்திருந்த சனம் ஒவ்வொருவராக எழுந்து திரையடிக்கு வந்திருந்தது. முள்ளியவளையிலிருந்து வந்த மூன்று பெண்கள், ஊன்றுகோலோடு ஒரு கிழவர், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. நடப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு கண்களுக்கு முன்னால் அவன் கை மெல்லச் சட்டைப் பைக்குத் திரும்பியது. சிகரெட் பெட்டித் துண்டை மடித்து வைத்துக்கொண்டான்.

"தங்கச்சி கெட்டிக்காரி" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். வாசலில் செருப்பைச் சரியாக மாட்டக்கூட நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் ரயில் நிலையப் பக்கம் பறந்தது.

அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். எனக்கு இரக்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"ஏனக்கா இண்டைக்கு எண்டு சொன்னனீங்கள்? ஒரு மாசம் எண்டு சொன்னா வாய் வெந்து போயிடுமே?"

"ஒரு மாசம் எண்டா ஆறுதலாத் தேடுவான். இண்டைக்கு எண்டா எங்க ஓடுவான்? கொழும்பு றெயினைப் பிடிக்கத்தான் ஓடுவான்." முகத்தைத் துடைத்தார். "என்ர வீடு மற்றப் பக்கமெல்லே."

அன்றிரவே அக்கா சிவலட்சுமியிடம் எல்லாம் சொன்னார். இனி வீரையா தேடினாலும் அதே பக்கத்துக்குத்தான் வருவான், எங்களுக்குத்தான் தொலைபேசி எடுப்பான். ஆனால் செல்வராசாவிடமும் அந்தத் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. சேர்வருக்கு அண்ணனும் ஒன்றுதான், அவனும் ஒன்றுதான். வருகிற எல்லாரையும் ஒரே வழியால் அனுப்பும். ஆளைப் பிரித்தறியும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. அதற்காகச் சிவலட்சுமி ஒரு கேள்வி தந்தாள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, எழுபத்தேழுக் கலவரத்தில் அவர்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வன்னிக்கு ஓடிவந்தவர்கள். அப்போது அவள் கையில் எதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்? புருசனிடம் அந்தக் கதையை ஒருநாளும் சொன்னதில்லையாம். பதிலை அக்காவின் காதில் மட்டும் சொன்னாள்.

சில நாளில் முதல் அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன்.

"அம்மா, நான் வீரையா பேசுறேன். கட்டார்லருந்து. எந் தங்கச்சி எங்கம்மா?"

மலைநாட்டுப் பேச்சு அச்சு அசலாக இருந்தது. கேள்வியைக் கேட்டேன். அவர் யோசித்தார். "ஒரு துணிப் பை. பொம்ம ஒண்ணு வச்சு" என்றார். நல்ல பதில் போலத்தான் எனக்குப் பட்டது. சந்தோசத்தோடு அக்காவுக்குச் சொன்னேன். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். அப்போதுதான், தொலைபேசிக்குள் எங்கள் வவுனியா பஸ் நிலையத்து நடத்துநர் ஒருவர் "செட்டிக்குளம், செட்டிக்குளம்" என்று கத்துவது எனக்குக் கேட்டது. செல்வராசா யாரையோ பேச வைத்திருக்கிறான் என்று விளங்கி, றிசீவரைப் பட்டென்று வைத்தேன்.

அதற்குப் பிறகு நாள் கணக்காக ஒன்றும் வரவில்லை. வீரையா அந்தப் பக்கத்தைக் காணவே மாட்டான் என்று நான் நினைக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு மத்தியானம் மணி அடித்தது. லைன் இரைந்தது. நான் பேசிய சொல் எனக்கே திரும்பிக் கேட்டது.

"அம்மா, நான் கட்டார்லருந்து பேசுறேன். வீரையா. எந் தங்கச்சிய இன்டர்நெட்டுல தேடினேம்மா. வேற ஒரு பக்கத்துக்குப் போயிருது. போயிருச்சுன்னு போட்டிருக்கு. எங்கம்மா போச்சு?"

"ஒரு கேள்வி கேக்கவேணும் அண்ணை" என்றேன். இந்த முறை என் குரல் கல்லாகத்தான் இருந்தது. "எழுபத்தேழில தோட்டத்தை விட்டு ஓடி வரேக்க, அவா கையில என்ன வச்சிருந்தவா?"

பதில் பிழைத்தால் உடனே வைத்துவிட, விரலைத் தொலைபேசியில் ஆயத்தமாக வைத்துக்கொண்டேன்.

"கையிலயா?" என்றார். "கையில ஒண்ணும் இல்லம்மா. அது என் முதுகுல இருந்திச்சு. ரெண்டு கையாலயும் என் கழுத்தத்தான் புடிச்சிருந்திச்சு."

நான் அதை அக்காவுக்குத் திரும்பச் சொன்னேன். அக்கா றிசீவரை என் கையிலிருந்து வாங்கி, தன் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.